தண்ணி லைன்

அன்று மனையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான், தாலுகா ஆபீசிலிருந்து வந்த சர்வேயர், அவருக்குச் சங்கிலி பிடிக்க வந்த ஆள், எங்களுக்கு அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்த புரோக்கர். வராதவர்கள் இரண்டு பேர். மனையை விற்றவர் வரவில்லை. மழை பிடித்த நாளிலிருந்தே அவருடைய செல்போன் அணைந்து கிடந்தது. கோடு அக்காவும் வரவில்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை. பத்திரப்படி அவருக்கும் அந்த மனைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மழை விட்டிருந்தது, தண்ணீர் வடியவில்லை. எங்கள் மனையின் குறுக்கே சாய்வாகத் தண்ணீரின் விளிம்பு நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ஏரி. இந்தப் பக்கம் ஈரச் செம்மண்ணில் ஒரு முக்கோணத் துண்டு. வாடகை வீட்டை விட்டு வெளியேற எங்களுக்கு இருந்த ஒரே வழி அந்த மனைதான். அப்பா மீன்பாடி வண்டி மிதித்ததும், அம்மா பொத்தேரியில் மாணவர் விடுதிச் சமையற்கட்டில் வெந்ததும் அதற்குள்தான் கிடந்தன. சர்வேயர் என்ன சொல்லப்போகிறார் என்று நாங்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற அம்மா மட்டும் தண்ணீரின் விளிம்பையே பார்த்தாள்.

"அவ போட்ட மாதிரியே கீதுடா," என்றாள். "அப்டியே கீது."

அவள் சொன்னது கோடு அக்காவை.

கோடு அக்கா எங்கள் பக்கத்துக் குடித்தனம். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடைத்துக் கட்டிய வீடுகள். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் இருமினால் எங்களுக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் மீன் வறுத்தால் அவர் புடவையில் வாசம் ஏறும். ஐம்பதை நெருங்கியிருப்பார். தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். மற்ற நேரமெல்லாம் தரையில் பலகையைச் சாய்த்துவைத்து, அதன் முன்னால் மண்டியிட்டுக் கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

மனை போட்டு விற்கிறவர்களுக்கு லேஅவுட் படம் தீட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். அந்த வருஷங்களில் தாம்பரத்தைச் சுற்றி எந்தப் பொட்டலைப் பார்த்தாலும் வெள்ளைக் கல் நட்டிருந்தது. கல் நட்ட இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கும். கொட்டகைக்குள் ஒரு பெரிய படம் தொங்கும். சாலைக்குக் காவி, பூங்காவுக்குப் பச்சை, மனைகளுக்கு வெளிர் மஞ்சள், மனைக்கும் மனைக்கும் நடுவில் சிவப்புக் கோடு. அந்தச் சிவப்புக் கோட்டுக்காகத்தான் அவரைத் தேடி வருவார்கள். தலைமயிரை எடுத்துத் தாளில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். முனையிலிருந்து முனைவரை ஒரே தடிமன், ஒரே நிறம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருந்தேன். ஷிப்டு முடிந்து வந்தால் அவர் வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் எனக்கு எதையும் சொல்லித்தந்ததில்லை. பார்க்காதே என்றும் சொன்னதில்லை.

முதலில் மின்விசிறியை நிறுத்துவார். காற்றடித்தால் பிரஷ் நுனி காய்ந்து, கோடு பாதி வழியில் வறண்டு பிசிறடிக்கும். சித்திரை வெயிலிலும் அந்த வீட்டில் விசிறி ஓடாது. தாளை முந்தின நாளே நனைத்து, பலகையில் பரப்பி, நாலு ஓரமும் பசைக்காகிதம் ஒட்டிக் காயவிட்டிருப்பார். காய்ந்த தாள் மேளத்தோல் போல இறுகி நிற்கும். வண்ணம் பட்டாலும் புடைக்காது. வண்ணத்தைப் பீங்கான் தட்டில் கரைத்து ஒரு துண்டுத் தாளில் இழுத்துப் பார்ப்பார். தயிராக இருந்தால் அறுந்துபோகும், தண்ணீராக இருந்தால் பரவிப்போகும். பெருக்கின மோர்ப் பதம் வரவேண்டும். பிரஷை நனைத்து, தட்டின் விளிம்பில் ஒரு பக்கம் வழித்து, நுனியைச் சுழற்றிக் கூராக்குவார். ஸ்கேலைத் தாளில் படுக்கவைக்க மாட்டார். படுக்கவைத்தால் வண்ணம் அதன் அடியில் ஓடிவிடும். ஒரு விளிம்பை ஊன்றி, மறு விளிம்பை இடது கை விரல்களால் தூக்கிப் பிடிப்பார். பிரஷின் தகரக் கழுத்து தூக்கிய விளிம்பில் உரசிக்கொண்டு வரும். மயிர்நுனி மட்டும் தாளைத் தொடும். மணிக்கட்டு அசையாது. தோளிலிருந்து கை மொத்தமாக நகரும். கண் பிரஷில் இருக்காது, கோடு போய்ச்சேர வேண்டிய புள்ளியில் இருக்கும். மூச்சை விட்டுக்கொண்டே இழுப்பார். மூச்சு தீரும்போது கோடும் தீர்ந்திருக்கும்.

துண்டு துண்டான சின்னக் கோடுகளுக்கு வேறு வழி வைத்திருந்தார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கி, அதன் விளிம்பை வண்ணத்தில் தொட்டு, முத்திரை குத்துகிற மாதிரி தாளில் வைத்து எடுப்பார். வெள்ளையாக நிற்கவேண்டிய கோட்டுக்குச் சைக்கிள் கடைச் சொல்யூஷன், பஞ்சர் ஒட்டுகிறார்களே அதுதான். அதைக் குச்சியால் இழுத்துக் காயவிட்டு, மேலே வண்ணம் அடித்து, பிறகு விரலால் உருட்டி எடுத்துவிடுவார். உருட்டி எடுத்த இடம் வெள்ளையாக நிற்கும். வீடு முழுக்கப் பஞ்சர்க் கடை நாற்றம்.

"சர்ச்சுக்குப் போற பொம்பள வூட்ல டியூப் வாசன வருது," என்பாள் அம்மா. "ஏசு இன்னா லாரி ஷெட்டா வெச்சிருந்தாரு?"

கோடு அக்கா சிரிப்பார். சத்தம் வராத சிரிப்பு.

அவருக்கு ஒரு பிடிவாதம். தொடங்கிய கோட்டைப் பாதியில் நிறுத்தக்கூடாது. போட்ட கோட்டின் மேல் இரண்டாம் தடவை பிரஷ் போகக்கூடாது. பாதியில் நின்றால் அந்த இடத்தில் வண்ணம் தேங்கிப் புள்ளியாகக் காயும். அதை மச்சம் என்பார். "மூஞ்சில இருந்தா லட்சணம். கோட்டுல இருந்தா அசிங்கம்." மேலே இன்னொரு தடவை இழுத்தால்? "அப்புறம் அது கோடில்ல, வாய்க்கா."

தாளில் இருந்த அந்தப் பிடிவாதம் எப்போது பேச்சுக்கும் வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. எதையும் ஒரு தடவைதான் சொல்வார்.

அண்ணாச்சி கடையில், "உளுந்து கால் கிலோ," என்பார். கடையில் கூட்டமாக இருக்கும், ரேடியோ பாடும். "என்னம்மா கேட்டீங்க?" என்பார் அண்ணாச்சி. இவர் பேசாமல் நிற்பார். "என்னம்மா? சொல்லுங்க," என்பார் மறுபடியும். இவர் காலிப் பையோடு திரும்பி வந்துவிடுவார். அன்றைக்கு அந்த வீட்டில் மாவு ஆட்டுவது இல்லை.

"உன் வாய்ல இன்னா ஆட்டோ மீட்டரா ஓடுது?" என்று அம்மா கேட்டாள். "ரெண்டாவது தபா சொன்னா காசு ஏறிடுமா?"

"கேக்கறவங்களுக்கு மொதல் தடவையே கேட்டிருக்கும்," என்றார்.

தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. ஏரிகளில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தெருக் குழாயில் காற்றுகூட வரவில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. ஹாரன் கேட்டால் சந்தே குடத்தோடு ஓடும். கோடு அக்கா பிரஷ் கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்டமாட்டார். அதைத் தெளியவைத்து, மறுநாள் மேலாக வடித்து அதிலேயே கழுவுவார். ஒரு நாள் ஹாரன் அடித்தபோது அவர் பாதிக் கோட்டில் இருந்தார்.

"யக்கா! லாரி வந்துட்ச்சு! எந்திரி!" அம்மா வாசலில் நின்று கத்தினாள்.

தோள் நகர்ந்துகொண்டிருந்தது.

"லாரி நிக்குமா உன் கோட்டுக்கு? பேஜாருக்கா உன்னோட!" அம்மாவே அவருடைய குடங்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். லாரிக்காரன் சண்டைக்கு வந்தான்.

"இன்னாம்மா, ஒரு வூட்டுக்கு எத்தினி கொடம்?"

"பக்கத்து வூட்டு அக்காவுது. அது கோடு போட்டுகினு கீது, எந்திரிக்க முடியாது."

"கோடா? மத்தியானத்துல இன்னாம்மா கோலம்?"

தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு அவருடைய குடங்கள் அம்மாவின் பொறுப்பாகிவிட்டன. முதல் நாள், "தேங்க்ஸ்மா," என்றார். பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. அதுதான் சொல்லியாயிற்றே.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாத ஒரு நாளும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கமிருந்து அவருடைய தம்பி வந்திருந்தார். மகளுக்குக் கல்யாணம், நீ வந்து முன்னால் நிற்கவேண்டும் என்று கேட்டார். என்ன பழைய கணக்கோ, "வரல," என்றார் கோடு அக்கா. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்கப்புறம் கேட்டதெல்லாம் தம்பியின் குரல்தான்.

"அக்கா, ஒரு வார்த்தை பேசேன். திட்டவாவது திட்டேன். செவுத்துக்கிட்ட பேசற மாதிரி கீதே!"

வெகுநேரம் கெஞ்சினார். பிறகு அழுதார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "பார்த்துக்கோங்க தம்பி," என்று மட்டும் சொன்னார். எதைப் பார்த்துக்கொள்ள என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் அவர் வீட்டில் காயவைத்திருந்த படத்தைப் பார்த்தேன். முந்தின நாள் மாலை, தம்பி போன பிறகு போட்ட கோடுகள். ஒரு நடுக்கம் இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

எங்கள் மனைக் கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா குடத்தை இறக்கிவைக்க அவர் வீட்டுக்குள் போனாள். நான் வாசற்படியில் இருந்தேன். பலகையில் புதுப் படம் ஒன்று முடிகிற நிலையில் இருந்தது. மொபெட்டில் வருகிற புரோக்கர் ஒருவர் கொடுத்த வேலை. மனைகள், சாலைகள், பூங்கா எல்லாம் ஆகியிருந்தன. கடைசி வரிசை மனைகளின் குறுக்கே மட்டும், மற்றப் படங்களில் நான் பார்த்திராத ஒரு நீலக் கோடு சாய்வாகப் போனது. அவர் போட்டதிலேயே மெல்லிய கோடு அதுதான் என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால்தான் தெரிந்தது.

"இது இன்னாக்கா, நீலமா?" அம்மா குனிந்து கேட்டாள்.

கோடு அக்கா சிவப்பைத் தொட்டு நுனியைக் கூராக்கிக்கொண்டிருந்தார்.

"தண்ணி லைன்," என்றார். சொல்லிவிட்டுப் பிரஷைத் தாளில் வைத்து இழுக்கத் தொடங்கினார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி லைனா! மனை வழியாவே போவுதா? டேய், கேட்டியாடா? கொடத்தத் தூக்கினு ஓட வேணாம்டா! கொல்லையில தொறந்தா கொட்டும்டா!" என்று கையைத் தட்டிச் சிரித்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள். "யோவ், இங்க வந்து பாருய்யா!"

அப்பா வந்து, அழுக்குக் காலோடு உள்ளே வரக் கூசி, வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"மெல்லிசா கீதே. சின்னக் கொழாயா?"

"படத்துல மெல்லிசுய்யா. பூமியில பெருசா இருக்கும்."

"ஆமாம்ப்பா," என்றேன் நான். பாலிடெக்னிக்கில் நான் வரைந்த படங்களிலும் தண்ணீர்க் குழாய்க்கு நீலம்தான். "படத்துல எல்லாமே சின்னதாத்தான் தெரியும்."

கோடு அக்காவின் தோள் நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் மூவரும் பேசிக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மின்விசிறி ஓடத் தொடங்குவது கேட்டது. கோடு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த வாரம் இடம் பார்க்கப் போனோம். தாம்பரத்துக்குக் கிழக்கே, பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடக்கவேண்டும். கருவேலம் புதர்கள், வெடித்த தரை, அதில் வரிசையாக வெள்ளைக் கல். ஏரி என்று ஒன்று பக்கத்தில் இருந்ததற்குத் தூரத்தில் தெரிந்த கரை மட்டும்தான் அடையாளம். தகரக் கொட்டகையில் கோடு அக்காவின் படம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த நீலக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடிமேல் விரலை வைத்து, அது போகிற வழியிலேயே நகர்த்திக்கொண்டு போய், ஒரு மனையில் நிறுத்தினார். முப்பத்தேழாம் எண்.

"இதான் வேணும்," என்றார்.

"அண்ணே, கரெக்டா புட்ச்சிட்டீங்க," என்றார் அந்த மொபெட் புரோக்கர்.

பத்திரம் பதிந்து வந்த அன்று அம்மா லட்டு வாங்கிக்கொண்டு முதலில் கோடு அக்கா வீட்டுக்குத்தான் போனாள். அவர் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். லட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "எந்த நம்பர்?" என்று கேட்டார்.

"முப்பத்தேழு. தண்ணி லைன்னு சொன்னியே, அது போவுதே, அந்த மனை."

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த லட்டைப் பார்த்தார்.

"சொன்னேன்ல," என்றார், மெதுவாக.

"ஆமாக்கா! நீ சொன்னதாலதான்!" அம்மா அவரைக் கட்டிக்கொண்டாள். அவருடைய ஈரக் கை அம்மாவின் முதுகில் படாமல் அந்தரத்தில் நின்றதை நான் பார்த்தேன். வண்ணம் ஒட்டிவிடும் என்று தூக்கிப் பிடித்திருக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அன்று மாலை முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வருஷம் பஞ்சம் தீர்ந்தது. தீர்ந்த விதம் எல்லோருக்கும் தெரியும். ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. தாம்பரத்தின் பாதித் தெருக்களில் ஜனங்கள் மொட்டை மாடியில் சமைத்தார்கள். மழைக்கு முன்புதான் நாங்கள் அஸ்திவாரத்துக்குக் கல்லும் மணலும் இறக்கியிருந்தோம். போய்ப் பார்த்தால் மணல் இல்லை. முதலில் நான் சொன்னேனே, அந்தத் தண்ணீர் விளிம்பு நின்றது.

சர்வேயர் நல்ல மனிதர். கத்தாமல் பேசினார்.

"ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான் தம்பி. இந்தப் பக்கம் கரை கிடையாது. தண்ணி ஏறி வந்து எதுவரைக்கும் நிக்குதோ அதுவரைக்கும் ஏரி. அதுக்கு எங்க படத்துல கோடு இருக்கு. கோட்டுக்கு அந்தாண்ட இருக்கறது புறம்போக்கு. கட்ட முடியாது, பட்டாவும் ஆவாது." சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். "இந்தாண்ட இருக்கற துண்டு உங்களுது."

அந்தத் துண்டில் ஒரு கட்டில் போடலாம். கட்டிலைச் சுற்றிச் சுவர் எழுப்ப முடியாது.

அப்பா மணல் இருந்த இடத்தைப் பார்த்தார். நான் புரோக்கரின் சட்டையைப் பிடித்தேன். அவர் என்னைவிட வயதில் மூத்தவர். கையை எடுத்துவிடக்கூட முயலவில்லை.

"என்னிய ஏன் புடிக்கிற தம்பி? படத்துலதான் இருந்துச்சே! நான் அந்தக் கோட்டையே எடுத்துடும்மான்னு சொன்னேன். அந்தம்மா கேக்கல. சர்வே ஒரிஜினல்ல கீற கோடு என் படத்துலயும் இருக்கும், இல்லன்னா வேற ஆள பாருன்னுட்ச்சு. சரி, மெல்லிசா போடுன்னேன். அது கோடாய்யா போட்டுச்சு? மயிரு மாதிரி போட்டுச்சு. எனக்கே தெரில."

நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். சந்துக்குள் நுழைந்ததும் அம்மா எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்க் கோடு அக்காவின் வாசலில் நின்றாள். பின்னால் நான். விசிறி ஓடவில்லை. அவர் பாதிக் கோட்டில் இருந்தார்.

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அம்மா அந்தக் கோடு முடியும்வரை நின்றாள். கத்தவில்லை. சேறு காய்ந்த காலோடு, வாசலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரஷ் தாளை விட்டு எழுந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"யக்கா. அன்னிக்கு சொன்னியே, அத இன்னொரு தபா சொல்லு."

கோடு அக்கா திரும்பிப் பார்த்தார். அம்மாவின் காலைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் எதையும் இரண்டாம் தடவை சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

"தண்ணி லைன்," என்றார்.

"எந்தத் தண்ணி?"

"ஏரித் தண்ணி."

"அன்னிக்கு நான் கைதட்டிச் சிரிச்சேனே. உன் காதுல விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சு."

"அப்ப சொல்லலாம்ல?"

"கோடு பாதில இருந்துச்சு."

அம்மா தலையை ஆட்டினாள். உண்மையாகவே அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டதுபோல ஆட்டினாள். கோடு பாதியில் இருந்தால் இந்தப் பொம்பளை எழுந்திருக்கமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியாதா? லாரித் தண்ணீர் பிடித்துக்கொடுத்தவள் அவள்தானே.

"லட்டு எடுத்துகினு வந்தேனே," என்றாள் பிறகு. "அப்ப எந்தக் கோடுக்கா பாதில இருந்துச்சு?"

கோடு அக்கா பதில் சொல்வார் என்று நாங்கள் நின்றோம். அவர் கையில் பிரஷ் இருந்தது. அதன் நுனியில் திரண்ட சொட்டு, அப்போதுதான் இழுத்து முடித்த கோட்டின்மேல் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் அதிக நாள் இல்லை. ஒரு பகலில் நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தபோது பலகையையும் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒரு தடவைதான் சொல்லியிருப்பார். கேட்க நாங்கள் அங்கே இல்லை. அவர் தெரிந்தே எங்களைத் தண்ணீரில் இறக்கினாரா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். படத்தில் அந்தக் கோடே வேண்டாம் என்று சொன்னவனிடம் சண்டை போட்டு அதைப் போட்டவர் அவர். கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னவரும் அவர். இரண்டாம் தடவை வாயைத் திறந்திருந்தால் எங்கள் வீடு பிழைத்திருக்கும். அம்மாவிடம் இதைச் சொன்னால், "அது நல்ல பொம்பளடா," என்பாள். கொஞ்சம் பொறுத்து, "நாசமாப் போவ," என்பாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வாள்.

அந்த முக்கோணத் துண்டை அப்பா விற்கப் பார்த்தார். பார்க்க வந்தவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். மனைக்குக் கொடுத்த விலை, பத்திரச் செலவு, மேஸ்திரிக்கு முன்பணம், தண்ணீரோடு போன மணல், எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் ரூபாய். அதில் எட்டாயிரம், தண்ணி லைன் போகிற மனை என்று பக்கத்து மனைகளைவிடக் கூடுதலாக நாங்கள் விரும்பிக் கொடுத்தது.